கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஜீப்

மாமியின் ஜீப்புக்குப் பின்னால், இலக்கத் தகட்டுக்குக் கீழே, ஓர் இரும்புக் கொளுக்கி இருக்கிறது. வண்டியின் மற்ற எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. கதவின் அடிப்பகுதி உதிர்கிறது. ஒரு காலத்தில் நீல நிறம் என்று சொன்னால்தான் தெரியும். கொளுக்கி மட்டும் கயிறு உரசி உரசிப் பளபளவென்று இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் அந்த ஜீப் எப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். இவ்வளவு அழகான கடல் இருக்க வண்டியை ஏன் மறுபக்கம் திருப்பி விட்டிருக்கிறீர்கள் என்று, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். மாமி சிரித்துவிட்டு அன்றைய மீன் விலையைச் சொல்வார்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் கரையில் படகு ஒதுங்க ஒரு துறை கிடையாது. உடைகிற அலையின் மேலேறி வெறும் மணலுக்கு வந்து சேர வேண்டும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் ஆழ்கடலைவிடக் கரைதான் பயம். படகு மணலைத் தொட்டதும் அடுத்த அலை வருமுன் இழுத்து மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலை அதைப் பிரட்டிப் போட்டுவிடும். மாமா அப்படித்தான் போனார். நடுக்கடலில் அல்ல, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நெஞ்சளவு தண்ணீரில். அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தவர்கள் மாமியும் அம்மாவும் இன்னும் சில பெண்களும்தான். இழுக்க ஆண்கள் போதவில்லை. ஏன் போதவில்லை என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. திருத்திய அதே படகில் பிறகு அப்பா தொழிலுக்குப் போனார், வேறு என்ன செய்வது? அவர் கரை திரும்பும் ஒவ்வொரு காலையும் மாமி மணலில் வந்து நிற்பார். கையில் செபமாலை இருக்கும், உதடு மட்டும் அசையாது.

கனடாவில் இருக்கும் மாமியின் மகன், அம்மா இனி பஸ்ஸில் இடிபடக் கூடாது என்று ஒரு கார் வாங்கித் தர நின்றார். அரைவாசி பற்றரியில் ஓடுகிற, ஏசி போட்ட, சின்ன வெள்ளைக் கார். படத்தைப் பார்த்த ஊரே அந்தக் காருக்குச் சம்மதம் சொல்லிவிட்டது. மாமியும் தொலைபேசியில் ஓம் ஓம் என்றுதான் சொன்னார். பிறகு ஒரு நாள் மகன் அனுப்பிய காசோடு என்னைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினார். வாகனத்தில் ஏறினால் சத்தி எடுக்காதவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு அந்த யோகம். மாமியின் மடியில் படகுக் கயிறு ஒரு பெரிய சுருளாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். கார் வாங்கப் போகிறவர் கயிறு எதற்குக் கொண்டு போகிறார் என்று எனக்கும் விளங்கவில்லை.

வாகனம் விற்கும் ஒரு கராஜில் வெள்ளைக் கார்கள் வரிசையாக நின்றன. மாமி அவற்றைத் தாண்டிப் போய், மூலையில் வேப்ப மரத்தடியில் நின்ற டீசல் ஜீப்பின் முன்னால் நின்றார். அது என்னைவிட வயதில் மூத்தது. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் வண்டியா என்று மட்டும் கேட்டார். எல்லோரும் வண்டி வாங்கும்போது பொனட்டைத் திறப்பார்கள். மாமி சேலையை இடுக்கிக்கொண்டு மண்ணில் குந்தி, பின்பக்கக் கொளுக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கராஜ்காரருக்குச் சிரிப்பு.

“அம்மா, ஏறி இருந்து ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்.”

“ஓடுறதைப் பேந்து பாப்பம். முதல் இது இழுக்குமோ எண்டு பாக்கவேணும்.”

வளவுக்குள் பழைய இரும்பு ஏற்றிய, உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டும் பெட்டி ஒன்று, ரயர்கள் காற்றுப் போய்ச் சேற்றில் புதைந்து கிடந்தது. மாமி கயிற்றை அவிழ்த்து, படகுக்குப் போடும் முடிச்சையே அதற்கும் போட்டார். கராஜ்காரர் ஏறி, பெரிய கியர்த் தடிக்குப் பக்கத்தில் இருந்த, நாலு சில்லையும் சேர்க்கும் குட்டித் தடியைத் தட்டினார். ஜீப் கரும்புகை கக்கியது, ஒரு தரம் உறுமியது. பெட்டி மெல்ல அசைந்து சேற்றை விட்டு எழுந்து வந்தது. மாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்குக் கயிறு விளங்கியது.

ஓட்டப் பழகிய கதையைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சிரிப்பார்கள். மாமிக்கு வண்டியின் முன்பக்கம் அணியம். படகின் முன்பக்கத்துக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர். “அணியத்தை எந்தப் பக்கம் பிடிக்கிறது, மாஸ்டர்?” என்று ஓட்டப் பழக்கிய மாஸ்டரிடம் சந்தியில் நின்று கேட்பாராம். கடைசியில் அந்த மாஸ்டர்தான் மாமியின் பாஷையைப் படித்தார். ஐம்பதை நெருங்கிய வயதில் மாமி லைசென்ஸ் எடுத்துவிட்டார்.

அந்த வருடத்து வாடையில் ஒரு காலை. கடல் மண்ணிறமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் படகு அலைக்குள் தெரிவதும் மறைவதுமாக வந்தது. மாமி வீட்டில் உடுத்தும் சோட்டியோடு ஓடி வந்து ஜீப்பில் ஏறி, அதைப் பின்னால் விட்டு ஈர மணலில் நிறுத்தினார். அப்பா எறிந்த கயிற்றை இடுப்பளவு தண்ணீரில் பிடித்து வந்து கொளுக்கியில் மாட்டியது நான். அலை படகைத் தூக்கும் அந்த ஒரு மூச்சில் இழுக்க வேண்டும்; முந்தினால் கயிறு அறும், பிந்தினால் அடுத்த அலை ஏறிவிடும். மாமியோ கரையைப் பார்த்து இருந்தார். தம்பியின் உயிர் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கம் காட்டும் உள்ளங்கை அளவு கண்ணாடியில். அந்தக் கண்ணாடியை அவர் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திடீரென்று ஜீப் முனகியது, நாலு சில்லும் மணலை வாரி எறிந்தன. படகு, அதற்குள் குந்தியிருந்த அப்பாவோடு, கடலை விட்டுக் கழன்று வந்தது. தேவாலயங்களையும் மலைகளையும் பிறகு நான் பார்த்திருக்கிறேன். அன்றுபோல் வாயடைத்து நின்றதில்லை.

அப்பா உலர்ந்த மணலில் காலை வைத்து இறங்கினார். அந்த மாதங்களில் அவர் அப்படி இறங்கி நான் கண்டதே கிடையாது. மாமி கதவைத் திறக்காமலே கேட்டார்: “மீன் பட்டதோ, தம்பி?” அப்பா ஏதோ சொன்னார். மாமி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழத் தொடங்கினார்.

போன மாரியில் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தார். மாமா போன பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஜீப்பைச் சுற்றி வந்து, துருவைத் தட்டிப் பார்த்து, இதை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்போம் என்றார். மாமி மகனின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய், அந்தக் கொளுக்கியின் மேல் வைத்தார்.

“உன்ர அப்பாவுக்கு அண்டைக்கு இது இருக்கேல்லை, ராசா.”

மகன் கையை எடுக்க நெடுநேரமாயிற்று. மறுநாள் காலை, அப்பாவின் படகு தெரிந்ததும் நான் சேலையை இடுக்கிக்கொண்டு இறங்கப் போனேன். எனக்கு முன்னால் அவர் தண்ணீருக்குள் நின்றார். கயிற்றைப் பிடித்துக் கொண்டு வந்து கொளுக்கியில் மாட்டியது அவர்தான்.