எல்லார் காதிலும் விழுந்த ஓட்டு

இதை எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னபோது, "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாதே" என்றார். ஆகவே இதில் யார் பேரும் கிடையாது. எழுதுவது என்றால் பேனா பிடித்து அல்ல. எனக்குப் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பேசும் கணினியில்தான் தட்டுகிறேன். நான் அடிக்கிற ஒவ்வொரு வரியையும் அது எனக்கே திருப்பிப் படித்துக் காட்டுகிறது. வெட்கக்கேடான விஷயத்தை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை.

கண் ஒரே நாளில் போகவில்லை. முதலில் இரவில் தடுமாறினேன். பிறகு பகலிலும் ஓரங்கள் இருண்டன. முப்பதைத் தாண்டியதும் மொத்தமாக மூடிக்கொண்டது. சுங்கைப் பட்டாணியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தொலைபேசி இயக்குநர் வேலை கிடைத்தது. யார் யாரையோ யார் யாருடனோ இணைத்துவிடுவேன். அம்மாவும் அப்பாவும் செமிலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. சிடாம் கிரியில் அண்ணன், அண்ணியோடு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறேன். அண்ணன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அப்போதெல்லாம் வேன் போக மிச்ச நேரம் முழுக்கக் கட்சிதான். கொடி கட்டுவது, நாற்காலி அடுக்குவது, தேர்தலன்று வயதானவர்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவது. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

கண் இருந்த காலத்தில் நான் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூட மேசைமேல் அட்டை மறைப்பு. அதற்குள் தலையைக் குனிந்துகொண்டு, கட்டத்தின் கோட்டுக்கு வெளியே போய்விடாமல் கவனமாகப் பெருக்கல் குறி போட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தால், "யாருக்கும்மா போட்டே?" என்று அண்ணன் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாரம் முழுக்க நச்சரித்தார், சாப்பாட்டு மேசையில் அண்ணியை விட்டுக் கேட்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவே இல்லை. வீட்டில் எதையுமே மறைக்கத் தெரியாத எனக்கு அது எவ்வளவு பெரிய திமிராக இருந்தது! அந்தத் திமிர் எனக்கு அந்த ஒரு தடவைதான் வாய்த்தது.

பார்வையில்லாதவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் நமக்காகக் குறி போடுவார். துணை வேண்டாம் என்றால் வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியே போடுவார். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவரிடம் நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு வந்த இரண்டு தேர்தலிலும் அண்ணன்தான் துணைக்கு வந்தார். மறைப்புக்குள் போனதும் காதோரம் குனிந்து, "நம்ம சின்னம்தானே?" என்பார். அது கேள்வியாக எனக்குப் படவில்லை. "ம்" என்பேன். பேனா காகிதத்தில் இரண்டு இழுப்பு இழுக்கும் சத்தம் வரும். வெளியே வந்ததும் மை வைத்த என் விரலைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார். அண்ணன் என்னைக் கையைப் பிடித்து நடத்திப் போகாத இடம் இந்த ஊரில் இல்லை. அவரிடம் போய் என் ஓட்டை எனக்குத் தா என்று எப்படிக் கேட்பது? அப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக வந்த பொதுத்தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தாமான் மண்டபத்தில் அண்ணனுடைய கட்சிக்காரர்கள் செராமாப் பிரச்சாரக் கூட்டம் போட்டார்கள். மறுபடியும் நின்ற எங்கள் தொகுதி உறுப்பினரை ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசி முடித்ததும், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து என் அலுவலகம் வரைக்கும் கடை வாசல் நடைபாதையில் நடக்க முடியாது. ஒரு கடை வாசல் உயரம், அடுத்தது பள்ளம், இடையில் மோட்டார் சைக்கிள், துணிக்கடை ஸ்டாண்டு. கோலைத் தட்டித் தட்டி நான் தார் ரோட்டில் இறங்கித்தான் போகிறேன், லாரி என் தோளை உரசிக்கொண்டு போகிறது. இதைத்தான் எழுந்து நின்று கேட்டேன். மலாயும் தமிழும் கலந்து, தெளிவாகத்தான் கேட்டேன்; பேசுவதுதானே என் பிழைப்பு.

ஒய்.பி. பதில் சொன்னார். ஆனால் குரல் என் பக்கம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் பக்கம் திரும்பிவிட்டது.

"தங்கச்சிக்கு என்னா வேணுமாம்? வெள்ளக் கோல் ஒன்னு ஏற்பாடு பண்ணச் சொல்லவா?"

கோல் என் கையிலேயே இருந்தது. அண்ணன் சிரித்தார். "பாவம் ஒய்.பி., அது சும்மா கேக்குதுலா" என்றார்.

மண்டபமே சிரித்தது. மோசமான சிரிப்பு இல்லை. குழந்தை மழலை பேசினால் சிரிப்பார்களே, அப்படி. நான் உட்கார்ந்துவிட்டேன். முகமெல்லாம் எரிந்தது. ஒய்.பி. மீது வந்த கோபத்தைவிட அண்ணன் மீது வந்ததுதான் பெரிது. கட்சிக்காரன் முன்னால் கட்சிக்காரனாகவே நின்றார். எனக்கு அண்ணனாக நிற்கவில்லை. இந்த ஆளுக்கு என் ஓட்டு கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தேன். எதிர்த்து நின்றவர் என்ன பெரிய யோக்கியர் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் படவில்லை.

முடிவு செய்வது சுலபம். யாரைத் துணைக்கு வைத்துப் போடுவது? அண்ணியைக் கேட்டால் அண்ணியின் வாய் நிற்காது. அலுவலகத் தோழிக்கு ஓட்டு வேறு ஊரில். அண்ணனிடமே சொல்லிப் பார்த்தால்? சொல்லலாம், சரி என்பார். அப்புறம் பேனா இரண்டு இழுப்பு இழுக்கும். எந்தக் கட்டத்தில் இழுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சந்தேகம் வந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. என் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அவர். அது சரியான மருந்தா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மருந்துக்கு நம்பினேன், ஓட்டுக்கு நம்பவில்லை. அதிகாரியிடமே கேட்டுவிடலாம், அண்ணனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

வாக்களிப்பு நாள் காலையிலேயே அண்ணன் போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார். பிறகு என்னை வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். உள்ளே என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பெயரைக் கூப்பிட்டார்கள், விரலில் மை வைத்தார்கள். அண்ணன் வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்து மறைப்பின் பக்கம் நகர்த்தினார். நான் நகரவில்லை. அதிகாரி போடட்டும் என்று மலாயில் சொன்னேன்.

தலைமை அதிகாரி ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பக்கத்தில் வந்து, அண்ணன் இருக்கும்போது ஏன் வேண்டாம் என்று கேட்டார். கேட்டது சத்தம் போட்டு. கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கடையில், கோயிலில், கிளினிக்கில் எல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அந்த அறையில் அப்படி ஒருவர் கத்துவார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. என் விருப்பம் என்றேன். என் முழங்கையிலிருந்து அண்ணனின் கை விலகியது. அவர் செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் போய் நின்றது.

அதிகாரி வேட்பாளர் பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். நான் குரலைத் தாழ்த்தி, கடைசியில் இருப்பவர் என்றேன்.

"யாங் பாவா செகாலி? பெத்துல், காக்?" என்று கத்தினார் அவர். எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதுதானே, சரிதானே அக்கா என்று.

அறையில் எழுத்தர்கள் இருந்தார்கள். கட்சிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள். அண்ணனின் கட்சிக் கிளையைச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் உண்டு. அடுத்து நின்றவர்கள் இருந்தார்கள். கதவருகே அண்ணன். எல்லாருடைய காதிலும் விழுந்தது. தலையை ஆட்டினேன். பேனா இரண்டு இழுப்பு இழுத்தது. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்கள், பெட்டியின் வாயைத் தடவிப் போட்டேன். நான் விரும்பியவருக்கு என் ஓட்டு போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், துணியில்லாமல் நிற்கிற மாதிரி கூசிப்போய் நின்றேன்.

அண்ணன் வந்து மறுபடியும் முழங்கையைப் பிடித்தார். அன்று படம் எடுக்கவில்லை. வேனை எதிர்ப்புறம் தேநீர் விற்கும் ஒட்டுக்கடைப் பக்கம் நிறுத்தியிருந்தார். கட்சிக்காரர்கள் அங்கேதான் கூடியிருந்தார்கள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டுத்தான் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். அந்த உறுதிமொழி ஒட்டுக்கடை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எங்களுக்கு முன்னாலேயே சேதி அங்கே போய்விட்டது.

"என்னாய்யா, ஊரு ஓட்டெல்லாம் வேன்ல ஏத்திக் கொண்டாந்து இறக்குற. வீட்டு ஓட்ட இப்படி விட்டுட்டியே" என்றார் கிளைத் தலைவர். யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"அது சின்னப்புள்ளலா, விடுங்க" என்றார் அண்ணன்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. வேறொரு நாளாக இருந்தால் அதற்குச் சண்டை போட்டிருப்பேன். அன்று அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது.

வேன் கிளம்பியது. அண்ணன் பேசாமல் ஓட்டுகிறவர் இல்லை. முன்னால் போகிற வண்டியைத் திட்டுவார், பாட்டு வைப்பார், எதிரே வருகிறவனுக்கு ஹாரன் அடித்து வணக்கம் போடுவார். அன்று இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

வேனை ஓரம் கட்டினார். ஜன்னல் வழியாகத் தோட்டத்துச் செம்பனைக் குலை புளித்த வாசனை வந்தது.

"என்னய நம்பலயா நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க கேக்கவே இல்லையேண்ணே. ரெண்டு தடவையும் கேக்கவே இல்ல. நீங்களே போட்டீங்க."

"கேட்டேனே. நம்ம சின்னம்தானேன்னு கேட்டேன். நீ 'ம்'னு சொன்ன."

கேட்டார்தான். நான் 'ம்' சொன்னேன்தான். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காமலே, சொன்னால் ஏமாற்றிவிடுவார் என்று அவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

அண்ணன் என்ஜினை அணைத்தார்.

"அன்னிக்கு செராமாவுல அந்தாளு உன்னய விட்டுட்டு என்னயப் பாத்துப் பேசுனாருல்ல. நானும் பல்ல இளிச்சிக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. உங்கிட்ட வந்து சொல்லவும் வெக்கமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "காலையில நானும் நீ போட்ட எடத்துலதான் போட்டேன்."

நான் அழுதேன். அவர்மேல் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் போட்டது அவருக்கு மட்டும் தெரியும். நான் போட்டது ஒட்டுக்கடையில் தே கலக்குகிறவன் வரைக்கும் தெரியும். அந்தக் கடையில் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றது மட்டும் அவர், என்னால்.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார் அண்ணன். "நாளைக்கும் நான் அவனுங்களோடதான் இருக்கணும்."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் அந்தக் கட்சியை விட்டு ஒதுங்கி, எழுதிக்கோ என்று சொல்லும் வரைக்கும் சொல்லவும் இல்லை. அன்று என்னை வீட்டில் இறக்கிவிட்டு, அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அதே ஒட்டுக்கடைக்குத் திரும்பிப் போனார். முடிவு வரும் வரைக்கும் அவர்களோடு உட்கார்ந்து, என்னை வைத்து அவர்கள் செய்த கிண்டலையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

அண்ணன் நிஜமாகவே அங்கேதான் போட்டாரா, இல்லை ரோட்டோரத்தில் ஒரு தங்கையைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா? இந்தக் கேள்வி எனக்கு வந்தது. அவர் அழுத பிறகும் வந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கம். நான் அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது அவருடைய ஓட்டு.