கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு தலைத்தீபாவளி

எங்கள் வீட்டு இரும்புக் கதவில் பதினான்கு கம்பிகள். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கதவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை நான் எண்ணியது என் மனைவி இறந்த பிறகுதான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஓய்வு பெற்றும் கண்ணுக்கு ஓய்வில்லை. முன்னால் இருப்பதை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணி முடித்தால்தான் மனம் கொஞ்சம் அடங்கும்.

அவள் போனது தை மாதத்தில், பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில். அதற்கு முந்திய கார்த்திகையில்தான் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகன் சீனப் பையன். காலையில் கோயிலில் தாலி கட்டினான். மாலையில் அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். என் மனைவி இரண்டிலும் அழுதாள். ஒரே நாளில் இரண்டு தடவை அழக் கொடுத்துவைத்தவள் நான்தான் என்று பிறகு சொல்லிச் சிரித்தாள்.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை. எல்லாத் தமிழருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இதில் கூடுதல் இம்சை உண்டு. இங்கே பண்டிகை ஓய்வதே இல்லை. ஒருவர் விளக்கை அவிழ்க்கும்போது இன்னொருவர் கட்டிக்கொண்டிருப்பார். நம் வீட்டில் மட்டும் இல்லை என்பதை மாதத்துக்கு ஒரு தடவை ஊரே சேர்ந்து நினைவுபடுத்தும்.

முதலில் வந்தது சீனப் புத்தாண்டு. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஒவ்வொரு வருடமும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவார். என் மனைவி வாங்கிக்கொண்டு எங்கள் பழம் இரண்டைத் திருப்பித் தருவாள். வந்தது இரண்டு, போனது இரண்டு. எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை அது. கணக்கு அங்கேயே நேராகிவிடும். இந்த வருடம் நான் நடைபாதையில் நிற்பதைப் பார்த்ததும் அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவமதிப்பு இல்லை. புத்தாண்டு நாளில் துக்கக்காரர் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நல்லநாளில் பிறர் எதிரே போய் நிற்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஒரே காரணத்துக்காக இருவரும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டோம்.

நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் தட்டு நிறையக் கெத்துப்பாட் சோற்றுக்கட்டியும் கோழி ரெண்டாங் கறியும் கொண்டுவந்தார். அவர் என் மனைவியின் சிநேகிதி. இந்த மாடியில் ஒரு பழக்கம் உண்டு: பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. துக்க வீட்டிலிருந்து பலகாரம் போகவும் கூடாது. ஆகவே தட்டு என்னிடமே தங்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னொன்று வந்தது. நடுவில் அவருடைய பேரனின் பிறந்தநாளுக்கு ஒன்று. மாமா என்ற பொருளில் என்னைப் ‘பாக்சிக்’ என்று கூப்பிடுபவர், ஒரு நாள் அவரே கேட்டார்.

“பாக்சிக், வீட்டுல எனக்குத் தட்டே இல்லையே?”

காரணத்தைச் சொன்னேன்.

“ஒரு வருஷமா?” என்று கண்ணை விரித்தார். “எங்களுக்கு மூணு நாள்தான். புருஷன் போனா பொண்டாட்டிக்கு மட்டும் நாலு மாசம் பத்து நாள். பொண்டாட்டி போனா புருஷனுக்கு அதுவும் இல்ல.”

“எங்களுக்கு அப்படி இல்லைம்மா.”

“அப்ப தட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வேற வாங்கிக்கிறேன்.”

அன்றிரவு சோற்றை அந்தத் தட்டு ஒன்றில்தான் போட்டுச் சாப்பிட்டேன். பெறலாம், கொடுக்கக் கூடாது என்பதைப் போல ஒரு சிறை கிடையாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒன்று அலமாரியில் இருந்தது. கல்யாணத் துணி எடுக்க லிட்டில் இந்தியாவுக்குப் போன அன்றே, சிராங்கூன் சாலைக் கடையில் என் மனைவி மருமகனுக்கு ஒரு பட்டுக்கரை வேட்டியும் சட்டையும், மகளுக்கு ஒரு புடவையும் தனியாக எடுத்தாள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“தலைத்தீபாவளிக்கு.”

“தாலியே இன்னும் கட்டல. அதுக்குள்ளயா?”

“எடுத்து வெச்சுட்டா ஒரு வேலை முடிஞ்சுதுல்ல. இடுப்புல நிக்காதேன்னு ஒட்டிக்கிற வேட்டியா பாத்து எடுத்துருக்கேன். என் கையால அவன் தலைக்கு எண்ணெய் வெச்சு, இதைக் கொடுக்கணும்.”

மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் தீபாவளியைப் பெண்ணின் பிறந்த வீட்டில் கொண்டாட வேண்டும். பிறந்த வீடோ மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் செய்யலாம் என்றால் அது இரண்டாவது தீபாவளி. எப்படி எண்ணினாலும் முதலாவது ஒன்றுதான். வழக்கத்தை மீறினால் அவளுக்குத் துரோகம். மீறாவிட்டாலும் அவளுக்குத் துரோகம். படுக்கையில் இந்தப் பக்கம் திரும்பினால் அது, அந்தப் பக்கம் திரும்பினால் இது.

மகள், “விடுங்கப்பா, அதனால ஒண்ணும் ஆகாதுலா” என்றாள். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவள் இப்படித்தான், போனைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். தாய் இறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

வழி காட்டியது நான் எதிர்பார்க்காத ஆள், மருமகனின் அம்மா. கல்யாணத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் ‘சம்பந்தி’. அதையே என் பெயராக்கிக்கொண்டார். மற்றதெல்லாம் பாதி மலாய், பாதி ஆங்கிலம். புது வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் என் மகளும் மருமகனும் அவரோடுதான் இருக்கிறார்கள். புரட்டாசியில் ஒரு நாள், சீனர்கள் நிலாத் திருவிழாவுக்குச் செய்யும் நிலாப்பண்டத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து என் சோபாவில் உட்கார்ந்தார். அவர் பேசியதைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

“சம்பந்தி, என் மருமகளோட முதல் புத்தாண்டு போச்சு. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்தேன். ஒரு வீட்டுக்கும் போகல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒண்ணும் கேக்கல.”

“தெரியும்” என்றேன்.

“எனக்கு ஒண்ணு போச்சு. உங்களுக்கும் ஒண்ணு போகணுமா? உங்க வீட்டுல செய்யக் கூடாது, சரி. என் வீட்டுல யாரும் சாகல. அங்க செய்யலாம்லா.”

“பொண்ணு வீட்டுலதான் செய்யணும்.”

“பொண்ணு எங்க இருக்கா? என் வீட்டுல. நீங்களும் வாங்க.”

“நான் வரக் கூடாது.”

“எங்க புத்தாண்டுக்குத்தான் துக்கக்காரங்க வரக் கூடாது. உங்க தீபாவளிக்கு வந்தா எங்க சாமி ஒண்ணும் சொல்லாது.”

“எங்க சாமி சொல்லும்.”

“உங்க சாமி ரொம்பக் கண்டிப்புலா” என்று சொல்லிவிட்டு நிலாப்பண்டத்தை எட்டாக வெட்டி என் முன் வைத்தார்.

என் அக்காவிடம் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் எதுவும் நடக்காது. போனில் முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“கட்டிக் கொடுத்த பொண்ணுக்குத் தீட்டு மூணே நாள்தான் தம்பி. அவ கொண்டாடலாம். அந்தம்மா வீட்டுலயே செய்யட்டும்.”

“வேட்டி இங்கல்ல இருக்கு?”

“அது அவ உசுரோட இருக்கறப்ப எடுத்தது. அதுக்குத் தோஷமில்ல. எண்ணெய் மட்டும் உன் வீட்டுலேர்ந்து போகக் கூடாது. புதுசா வாங்கு. வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு போகாத. புதுத்துணியோட அவங்க உன் வாசப்படி ஏறவும் வேண்டாம். புரியுதா?”

“புரியுதுக்கா.”

தீபாவளிக்கு முந்தைய வாரம் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததுமே கூட்டம் என்னை உள்வாங்கிக்கொண்டது. தலைக்கு மேலே வண்ண விளக்குத் தோரணங்கள். எண்ண ஆரம்பித்தேன், முன்னால் போனவர் நின்றதால் விட்டுப்போயிற்று. திரும்பவும் முடியவில்லை, ஒதுங்கவும் முடியவில்லை. முறுக்கு விற்கிற பெண், “அங்கிள், தீபாவளிக்கு எத்தனை கிலோ?” என்றாள். இந்த வருடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு வருகிறேன் என்றேன். மளிகைக்கடையில் ஒரு புட்டி நல்லெண்ணெய் வாங்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சிக்கல். எண்ணெய் உள்ளே வரக் கூடாது. நடைபாதையில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல், துளசித் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், தினமும் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டேன். தீபாவளிக்கு முதல் நாள் மகள் வந்தாள். வேட்டி, சட்டை, அவளுக்கு ஒரு புடவை, சீயக்காய்ப் பொட்டலம் ஆகியவற்றைப் பையில் போட்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக் கொடுத்தேன். “எண்ணெயோட அஞ்சு” என்றேன். “சரிப்பா, சரிப்பா” என்று போனாள்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக் காத்திருந்தேன். மகள் போனைப் பிடித்துக் காட்ட, திரையில் சம்பந்தியம்மாவின் சமையலறை தெரிந்தது. மருமகன் பழைய பனியனோடு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். உயரமான பையன், முழங்கால் முகவாய் வரைக்கும் வந்திருந்தது.

“கிழக்கே பார்த்து உட்காரச் சொல்லும்மா.”

“கிழக்கு எதுப்பா? இங்க ஃபிரிட்ஜ்தான் இருக்கு.”

“ஃபிரிட்ஜைப் பாக்கட்டும், பரவாயில்ல. அத்தையை மூணு சொட்டு உச்சியில வைக்கச் சொல்லு.”

சம்பந்தியம்மா கையை நீட்டினார். உள்ளங்கையில் இருந்தது காப்பிக் கொட்டை நிறத்தில் கறுப்பாக இருந்தது.

“அது என்ன எண்ணெய்?”

“எள்ளெண்ணெய்தான்பா. நீங்க பையில வைக்க மறந்துட்டீங்க. அத்தைகிட்ட இருந்தது.”

வறுத்த எள்ளில் எடுக்கிற சீன எண்ணெய். வெள்ளரிக்காய் வைத்த கோழிச் சோற்றின் மேல் ஊற்றுவது. போனை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மரக்கதவைத் திறந்தேன். கம்பிகளுக்கு அப்பால், துளசித் தொட்டிக்குப் பின்னால், என் நல்லெண்ணெய் மூடி பிரியாமல் நின்றிருந்தது. உள்ளே வரக் கூடாது என்று நான் வெளியே வைத்தது; உள்ளே இருந்ததை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான்காய் இருந்த பையை ஐந்து என்று எண்ணிக் கொடுத்தவன் நான். என்ன எண்ணி என்ன?

நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். அதற்குள் சம்பந்தியம்மா மகனின் தலையில் அரக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா! கோழிச்சோறு வாசனை வருது!” என்று அவன் கத்தினான்.

“வெள்ளரிக்கா வெட்டி வைக்கட்டுமா?” என்றாள் என் மகள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, போனைப் பிடித்திருந்த கை ஆடி, எனக்குக் கூரையும் விளக்கும்தான் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முழுவதையும் கேட்டேன்.

நண்பகலில் மூவரும் வந்தார்கள். மருமகன் அவள் எடுத்த வேட்டியில் இருந்தான். சொன்னபடியே இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே, அவர்கள் நடைபாதையில்.

“கேட்டைத் திறங்கப்பா.”

“இன்னிக்கு வேணாம்மா. நாளைக்குப் பழைய துணியோட வா, திறக்கறேன்.”

மகள் என்னையே பார்த்தாள். அவள் முகம் மாறுவதைக் கண்டு பயந்தேன். வீணாக வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவள் திரும்பி, துளசித் தொட்டிக்குப் பின்னாலிருந்து புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள்.

“கையை நீட்டுங்க.”

“நான் வைக்கக் கூடாது.”

“அம்மா வைக்கணும்னு சொன்னாங்கல்ல. அம்மா இல்ல. நீங்கதான் இருக்கீங்க. கையை நீட்டுங்கப்பா.”

எட்டாவது கம்பிக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே கையை விட்டேன். முழங்கை வரைக்கும்தான் போயிற்று. உள்ளங்கையில் மஞ்சளாக எண்ணெய் ஊற்றினாள். சம்பந்தியம்மா மகனின் கழுத்தைப் பிடித்து, “குனிடா, இன்னும்” என்று தன் மொழியில் சொல்லி அழுத்தினார். அவன் குனிந்து நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான். உச்சியில் மூன்று தடவை வைத்தேன். சீயக்காய் போட்டுக் குளித்தும் வறுத்த எள் வாசனை போகவில்லை.

“நல்லாயிருக்கணும்” என்றேன்.

போகும்போது மகள், “பாட்டிலை உள்ள கொடுக்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். மின்தூக்கிக் கதவு மூடுகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியில் எண்ணெய் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.

துக்க வருடம் முடிகிற தை மாதம் இன்னும் வரவில்லை. புட்டி தொட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. எதிர்வீட்டுத் தட்டுகள் மூன்றும் கழுவித் துடைத்து அடுக்களையில் காத்திருக்கின்றன.