துரையை உட்காரச் சொன்ன நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அப்போது என் மூத்த மகள் ஐந்து மாதக் கைக்குழந்தை.

காலையில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலை ஏறுவோம். பத்து மணி ஓய்வில் தாய்மார்கள் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவோம். அந்த வருஷம் எங்களை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தேயிலைக் காட்டுக்கு மாற்றினார்கள். நடந்து போவதற்குள் ஓய்வு நேரமே முடிந்துவிடும். என் மகளோ புட்டிப்பாலைத் தொடவே மாட்டாள். அங்கே அவள் பசியில் கத்துவாள், இங்கே எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். பாலில் நனைந்த சட்டையோடு குளிரில் நின்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

பத்து மணிக்கு ஒரு லோரி விட்டால் போதும். ஆனால் துரையிடம் கேட்பது யார்? பழைய துரை கொச்சைத் தமிழ் பேசுவார், நேராகவே கேட்டுவிடலாம். அவருக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த இளம் துரைக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் எங்களுக்கு வாய். அவரோ துரையைக் கண்டாலே நடுங்குகிறவர்.

“நேரம் பாத்துச் சொல்றேம்மா. இப்ப துரை கோவமா இருக்காரு” என்பார். அந்த நல்ல நேரம் வரவே இல்லை.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாமே இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் என்ன? எங்களோடு கொழுந்து பறித்த ஒரு அக்கா, கல்யாணத்துக்கு முன் துரை பங்களாவில் வீட்டு வேலை செய்தவர். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது புள்ள. துரைசானி பேசுனத அப்படியே சொல்றேன், புடிச்சுக்க” என்றார்.

கொழுந்து பறித்தபடியே பாடம் நடந்தது. கைதான் வேலை செய்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது! இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி துரைசானி, ஒருத்தி வேலைக்காரி. கம் ஹியர், சிட் டவுன், லிசன் டு மீ, நாட் டுமாரோ, டுடே. துரைசானியாக இருக்க எல்லோருக்கும் ஆசை, வேலைக்காரிக்குத்தான் ஆள் கிடைக்காது. வார்த்தையோடு அந்த அம்மாளின் ராகத்தையும், புருவத்தைத் தூக்குவதையும் சேர்த்தே படித்தோம். கங்காணி வேறு, “மலையில என்னாங்கடி வெள்ளக்காரச் சத்தம்?” என்று கேலி செய்வார்.

ஒரு நாள் துரை, கிராணியோடு எங்கள் காட்டுக்கு வந்தார். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. என் சட்டை நனைய ஆரம்பித்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாதைக்கு இறங்கினேன். மிகவும் மரியாதையாகப் பேசுவதாகத்தான் என் நினைப்பு. கையெல்லாம் கூப்பியிருந்தேன்.

“கம் ஹியர்!” என்றேன்.

துரை திடுக்கிட்டுத் திரும்பினார்.

“சிட் டவுன்!”

கிராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஏய், என்னா பேசுற நீ! வேல போயிரும்லா!” என்று பதறினார். துரையின் காது இரண்டும் சிவந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாதையோரக் கல்லில் உட்கார்ந்தே விட்டார்!

நான் நிறுத்தவில்லை. “லிசன் டு மீ. பேபி ஹங்ரி. பேபி கிரை. மதர் வாக், வாக், நோ டைம். யூ பிரிங் லோரி.” வெட்கத்தை விட்டு நனைந்த சட்டையையும் காட்டினேன்.

துரை கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி தலையைக் குனிந்துகொண்டார். துரை எழுந்து என்னிடம், “எஸ். டுமாரோ” என்றார்.

“நாட் டுமாரோ. டுடே!”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எஸ், மேடம்” என்றார். கொஞ்ச நேரத்தில் கொழுந்து ஏற்றும் லோரி வந்து நின்றது. தாய்மார்கள் எல்லோரும் ஏறினோம். என் மகள் அன்று குடித்துவிட்டு மடியிலேயே தூங்கிப் போனாள். மறுநாளிலிருந்து தினமும் லோரி வந்தது. “துரையவே ஒக்கார வச்சுட்டியே!” என்று நாங்கள் குடியிருந்த லயமே பேசியது. நானும் கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

எண்பதுகளில் பக்கத்து ஊரான கியா பார்மில் காய்கறிக் கடை போட்டேன். வெள்ளைக்காரப் பயணிகளோடு பேசிப் பேசி என் இங்கிலீஷ் நன்றாகவே தேறியது. அவர்கள் எது கேட்டாலும் ‘ப்ளீஸ்’ என்றார்கள். அது என்ன என்று மகளிடம் கேட்டேன். ஒருவரிடம் மரியாதையாகக் கேட்கும்போது சொல்வது என்றாள். அப்போதுதான் துரையிடம் எப்படிப் பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. அக்காவிடம் ஓடிப்போய், “இத ஏன்க்கா எங்களுக்குச் சொல்லித் தரல?” என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “அப்படி ஒரு வார்த்த இருக்கா? அந்த வீட்டுல என்கிட்ட யாரும் சொன்னதில்லையே” என்றார்.

இப்போது நானும் ப்ளீஸை எல்லோரிடமும் தாராளமாகச் சொல்கிறேன், அக்காவிடம் மறக்காமல் சொல்கிறேன். ஆனாலும் என் பிள்ளையின் பாலுக்காக அன்று யாரிடமும் கெஞ்சாமல் கேட்டேன் என்பதில் எனக்கு இன்றுவரை கொள்ளைப் பெருமை.