மாத்திரையைச் சொல்லாத சாட்சி

மைக்கை அவள் கையில் கொடுத்தவள் நான். அதன் தலையில் மாட்டியிருந்த சிவப்புப் பஞ்சு நழுவிக் கிடந்தது. அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அவள் காதருகே குனிந்து ஒன்று சொன்னேன். அல்லிநகரத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கூடம் அது. சனிக்கிழமை பிற்பகல். தேனியைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து வந்த மாணவர்களும் மாணவிகளுமாக அறுபது பேர் இருப்பார்கள். பாட்டு முடிந்து, ஜெபத்தால் நடந்ததை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லும் நேரம் வந்திருந்தது. நான் அவள் காதில் சொன்னது இதுதான்: “மாத்திரையைப் பத்திச் சொல்ல வேணாம்டா. ஆண்டவர் செஞ்சத மட்டும் சொல்லு.”

கல்லூரி மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்யும் ஒரு சிறிய குழுவில் நான் அப்போது முழுநேர ஊழியர். வயது இருபத்தெட்டு. விடுதிகளுக்குப் போவது, பரீட்சை பயத்தில் அழும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபிப்பது, வீட்டு நினைவில் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கு இட்லி வாங்கிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. அவள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோம்பையிலிருந்து வந்தவள் என்பதால் எல்லோருக்குமே அவள் கோம்பைத் தங்கச்சி. அப்பா இல்லை. அம்மா விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் கூட்டத்துக்கு அவளை அழைத்துவந்தது விடுதித் தோழிதான்.

அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு வரும். அதை அவள் விடுதியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் எல்லோரும் போன பிறகு என்னிடம் மட்டும் சொல்லி, ஜெபிக்கக் கேட்டாள். அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அதன் பிறகு நாலு மாதம் வலிப்பு வரவில்லை. அந்த நாலு மாதமும் அவள் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஊழியத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊழியர் கூடுகைகளில் மற்ற ஊர்க்காரர்கள் எழுந்து பெரிய பெரிய காரியங்களைச் சொல்லும்போது, என்னிடம் சொல்ல இட்லியும் பரீட்சை பயமும்தான் இருந்தன. எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மாத்திரையைச் சேர்த்துச் சொன்னால் ஆண்டவரின் பங்கு குறைந்துவிடும் என்று எனக்குப் பட்டது. உண்மையில் குறைந்துவிடும் என்று நான் பயந்தது என் பங்கைத்தான். அது அப்போது புரியவில்லை.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு வலிப்பு வரும். அக்கா ஜெபம் பண்ணுனாக. நாலு மாசமா வரல.” அவ்வளவுதான். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. ஒரு பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஊழியத்தை ஆதரிப்பவர்களுக்கு அனுப்பும் அந்த மாத ஜெபக் கடிதத்தில் நான் அதை முதல் செய்தியாக எழுதினேன்.

அன்றைக்கே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் சுகமானேன் என்று நின்றுவிட்டு, விடுதிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விழுங்குவது எப்படி? அப்படிச் செய்தால் தான் பொய்க்காரி ஆகிவிடுவோம், அதைவிட, அக்கா பொய்க்காரி ஆகிவிடுவாக என்று அவள் நினைத்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. விடுதிக் குளியலறையில் இரண்டு தடவை லேசாக வந்திருக்கிறது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சுருளி அருவிக்கு அழைத்துப்போனோம். தண்ணீர் அளவாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நான் துணிகளைப் பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கோம்பைத் தங்கச்சி முழங்காலளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாள். நீச்சல் அடித்து விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஓர் அம்மா அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, “ஏலே, ஓடியாங்க! பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு!” என்று கத்தினார். அந்த அம்மாவே அவளை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. நான் ஜெபித்தேனா என்று கேட்டால், இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கம்பத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிட்டாள். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. என்ன சொல்லட்டும் என்று என்னிடமே கேட்கிற பார்வை. அந்த நிலையிலும் அவள் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள்.

“நிறுத்திட்டா டாக்டர்,” என்றேன். “என்னாலதான்.”

அவள் அம்மாவுக்குத் தகவல் சொன்னோம். மாலையில் தோட்டத்து ஜீப் இறங்கியதும் அப்படியே வந்துவிட்டார். சேலைக்கு மேலே போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கைகளில் ஏலக்காய்க் கறை. மகளின் நெற்றியையும் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் எதையும் விடாமல் சொன்னேன். காதில் குனிந்து சொன்னதையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவேயில்லை.

“ஏம்மா, மாசாமாசம் ஒருநாள் வேலைய விட்டுட்டு, பெரியாஸ்பத்திரி வரிசையில நின்னு வாங்கியாந்த மாத்திரைம்மா அது. ஒவ்வொரு தடவையும் மாதா படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்துத்தான் குடுத்துவிடுவேன். நான் ஜெபம் பண்ணலையா? நீங்க மட்டுந்தான் பண்ணுனீகளா?”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இனிமே எம்பிள்ளை அங்கிட்டு வராது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் பகுதிப் பொறுப்பாளரை ஐயா என்போம். நல்ல மனிதர். நடந்ததை அவரிடம் சொன்னேன். “பிள்ளை பிழைச்சிருச்சு, அதுக்கு நன்றி சொல்லுவோம். கூட்டத்துல இதப் பேச வேணாம்மா. புதுசா வந்த பிள்ளைக விசுவாசம் ஆடிப்போகும்,” என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளவே முயன்றேன். முடியவில்லை. பாதியை மறைத்ததால் வந்த வினை இது. இன்னொரு பாதியையும் மறைத்துவிட்டு, எந்த முகத்தோடு அவர்களை ஜெபிக்கச் சொல்வது?

சனிக்கிழமை நானே எழுந்து நின்று சொன்னேன். அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான், அதனால் அவள் சாகக் கிடந்தாள் என்றேன். ஐயா முன்வரிசையில் இருந்தார். தடுக்கவில்லை. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி எழுந்து, “அப்ப அன்னைக்கு நாங்க கைதட்டுனது பொய்க்கா, அக்கா?” என்று கேட்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன. “பாதிப் பொய்க்கு, தம்பி. அந்தப் பாதி என்னோடது, அவளோடது இல்ல,” என்றேன். மூன்று நான்கு பேர் எழுந்து வெளியே போனார்கள். அத்தோடு என் ஊழியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் டீ கொடுக்கும்போது ஒரு மாணவி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “ஒரு வருசமா தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன்க்கா. எனக்கு விசுவாசம் பத்தலையோன்னு தெனமும் காலையில அழுதுகிட்டேதான் முழுங்குவேன்,” என்றாள். இப்போதும் அழுதாள், ஆனால் சிரித்துக்கொண்டே. எல்லோரும் கலைந்த பிறகு, கேள்வி கேட்ட அந்தத் தம்பி மாடிப்படியில் நின்றிருந்தான். மனச்சோர்வுக்காக மதுரையில் ஒரு டாக்டரிடம் பார்ப்பதாகவும், வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொன்னான். “கோம்பைத் தங்கச்சி சாட்சியக் கேட்டதுல இருந்து நானும் நிறுத்திரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. இந்த வாரம் நிறுத்துறதா இருந்தேன்.” நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் உட்கார்ந்தான். நிறுத்த மாட்டேன் என்று அவன் சொல்லும்வரை நான் அவன் கையை விடவில்லை.

அவளிடமிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. “அம்மா போகக்கூடாதுன்னு சொல்லிருக்காகக்கா.” அம்மா சொல்வதைக் கேள் என்றேன். தினமும் அவளுக்காக ஜெபித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை கூட்டம் தொடங்கிய பிறகு, கூடத்தின் கடைசியில் அவள் அம்மா வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவள். அம்மாவின் மடியில் ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை. கூட்டம் முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார்.

“அம்புட்டுப் பேர் முன்னாடியும் தப்பு உங்களதுன்னு சொன்னீகளாமே. இதுகூடப் படிக்கிற பிள்ளை சொல்லுச்சு. நெசமா?”

“ஆமாம்மா.”

“தப்புப் பண்ணுனவுக ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். அத வெளிய சொன்னவுக ஒருத்தரையும் பாக்கல.” பையை என் கையில் கொடுத்தார். “இது இங்கன வர்றதுல எனக்கு இனிமே வருத்தம் இல்ல. ஞாயித்துக்கிழம எங்க கோயில் பூசைக்கும் போகணும். ஒண்ணு மட்டும் செய்யிங்க. வாராவாரம் மாத்திர சாப்பிட்டியான்னு கேளுங்க. அதையும் உங்க ஜெபத்தோட சேத்துக்கங்க.”

மகளை என்னிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் பஸ் ஏறிப் போனார். மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அன்று இறங்கியது.

அவர் கேட்டதைச் செய்தேன். இப்போதும் செய்கிறேன். எங்கள் கூட்டத்தில் யாராவது சுகத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல விரும்பினால், டாக்டர் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன். ஆண்டவரின் பங்கு அதனால் ஒருநாளும் குறைந்ததில்லை. சாட்சிகள் குறைந்திருக்கின்றன, அது உண்மை. சொல்லப்படுகிறவற்றை இப்போது என்னால் பயமில்லாமல் கேட்க முடிகிறது.

கோம்பைத் தங்கச்சி படித்து முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மற்ற டீச்சர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

போன வாரம் தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் இருந்தேன். உத்தமபாளையம் தாண்டியிருக்கும், அவளிடமிருந்து போன்.

“அக்கா, டாக்டர் மாத்திரையக் குறைக்கச் சொல்லிட்டாக.”

என் வாயில் முதலில் ஸ்தோத்திரம் வரவில்லை. “யாரு சொன்னா? எழுதிக் குடுத்தாகளா?” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க இதத்தான் கேப்பீகன்னு தெரியும்க்கா. சீட்டப் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், பாருங்க. நாலு வருசமா ஒரு தடவகூட வரல. ஸ்கேனெல்லாம் பாத்துட்டாக. ராத்திரி மாத்திர மட்டும் இனிமே பாதி. மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லிருக்காக. இந்தாங்க, அம்மாகிட்ட பேசுங்க.”

“ஆத்தா, கேட்டியா?” என்றார் அவள் அம்மா. “கேட்டேம்மா,” என்றேன்.

போட்டோவைத் திறந்து, டாக்டரின் கிறுக்கலான எழுத்தை ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை படித்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அப்போதுதான் சத்தமாகவே “நன்றி ஆண்டவரே” என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து இருக்கையில், முக்காடு போட்டு மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா, நல்ல சேதியா?”

“ஆமாம்மா. எங்க தங்கச்சிக்கு உடம்பு சொகமா…” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். “சொகமாகிக்கிட்டு வருது. மாத்திரையப் பாதியாக் குறைச்சிருக்காக.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் அந்த அம்மா. பிறகு, “மிச்சப் பாதிய மறக்காம சாப்பிடச் சொல்லும்மா,” என்றார்.