பின்னால் கட்டிய கைகள்

அந்த அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. ஆறு வயது மகள். மேசைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளின் புத்தியை அளந்து சொல்லும் மலையாளி மேடம். வேறு யாரும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரம். மழைக்காலத்து மத்தியானம். ஜன்னல் கம்பியில் தண்ணீர் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் சாலை பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் வெட்டுகிற வேலை செய்தேன். ஊர் நாகர்கோவில் பக்கம். படிப்பு நாலாம் வகுப்போடு சரி.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள். சுவரில் சாய்த்த நிலைக்கண்ணாடிகளின் முன் நிற்பாள். அவற்றுக்குள் தெரு ஓடும். வலப்பக்கம் போகிற ஆட்டோ இடப்பக்கம் போகும். மழை நாளில் குடைகள் மட்டும் மிதந்து போகும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்து நிற்பாள். ஒன்றையும் தொடமாட்டாள். என்ன அடக்கமான பிள்ளை என்பார் முதலாளி. எனக்குப் பெருமையாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அதுவே குறையாகிவிட்டது. மணி கோர்க்கச் சொன்னால் கோர்ப்பதில்லை, படம் அடுக்கச் சொன்னால் அடுக்குவதில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். புத்திச் சோதனை செய்து எண் போட்ட காகிதம் கொண்டுவரச் சொன்னார்கள். எண் குறைவாக இருந்தால் வேறு பள்ளிக்கூடம். ஊருக்கு வெளியே, அங்கேயே தங்கிப் படிப்பது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவள்.

சோதனை முந்தைய வாரமே முடிந்திருந்தது. பலன் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அறுபத்திரண்டு" என்றார் மேடம்.

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பாஸ்தானே மேடம்?"

"மார்க் அல்ல சேச்சி. நூத்துக்கு இத்தனைன்னு இல்ல. இந்த வயசுக் குட்டிங்க அதிகமும் நூறுக்குப் பக்கத்துல நிக்கும். இவ எங்க நிக்கறான்னு பாக்கறதாக்கும் இது."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

"பட்சே, எண் அப்படின்னாலும் எனக்கொரு சந்தேகம்" என்றார் மேடம். "வாயால கேட்டதுக்கு நல்லா பதில் சொன்னா. கையால செய்யறதுதான் ஒண்ணுமே செய்யல. கட்டையை முன்னால வெச்சா கை பின்னால போகுது. கைக்கு ஏதாவது அசுகம் உண்டோ?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

அப்போதுதான் அவர் என் வலது கையின் தழும்பைப் பார்த்தார். "சேட்டனுக்கு இது என்ன பற்றி, எப்படி ஆச்சு?"

"கடையில கண்ணாடி ஷீட் சரிஞ்சுது."

மீதியை மனைவி சொன்னாள். "இவளுக்கு அப்போ நாலு வயசு. விரல் வெச்சுப் பாத்தா, சரிஞ்சுட்டு. இவ மேல விழாம அவரு பிடிச்சாரு. ரெண்டு விரலு இப்பவும் மடங்காது. இவளை நாங்க ஒரு வார்த்தை வையல மேடம். அவளாத்தான் கையைப் பின்னால கெட்டிக்கிட்டா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. எனக்கும்.

மேடம் இழுப்பறையைத் திறந்து, சிவப்பும் வெள்ளையுமான மரக்கட்டை ஒன்றை எடுத்தார். வேண்டுமென்றே கீழே போட்டார். அது உருண்டு என் காலடியில் நின்றது.

"கண்டோ மோளே? உடையாது." கட்டைப் பெட்டியையே தரையில் கவிழ்த்தார்.

மகள் கட்டைகளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கட்டையை அந்தக் கையாலேயே எடுத்தேன். மடங்குகிற விரல்களால் பிடித்தேன்.

"பாரு மக்ளே."

வந்தாள். குனிந்து பார்த்தாள். "கீறாதா அப்பா?"

"கீறாது."

முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் வெளியே வந்தன. என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு பக்கம் ஒன்று வைத்தாள். மறுபக்கம் அதையே திருப்பி வைத்தாள், கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி. சிவப்புக்கு எதிரே சிவப்பு, வெள்ளைக்கு எதிரே வெள்ளை. நாங்கள் மூன்று பேரும் அங்கே இல்லாததுபோல் அடுக்கினாள். ஜன்னல் வெளிச்சம் அவள் விரல்களில் அசைந்தது. கடைசியில் ஒரு கட்டை மிஞ்சியது. யோசித்து அதை நடுவில் வைத்தாள்.

"இன்னைக்கு இப்போ எத்தனை மேடம்?" என்றாள் மனைவி.

"சேச்சி விடமாட்டீங்க!" மேடம் சிரித்துவிட்டார். "இன்னைக்கு அளக்கல. அந்த அறுபத்திரண்டு மோளோட புத்தி மட்டும் இல்ல, அவ பயமும் சேர்ந்தது. ஒரு வருஷம் கழியட்டும். வேற சோதனை வெச்சுப் பாக்கலாம்."

அந்த எண்ணை வைத்துப் பிள்ளையை மாற்ற வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார். மாற்றவில்லை.

அடுத்த வருடம் வேறு எண் வந்தது. கூடுதல்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது தங்கள் பிள்ளையின் எண்ணைச் சொன்னால், அன்று அதன் கைகள் எங்கே இருந்தன என்று இப்போதும் கேட்கத் தோன்றுகிறது. எனக்கு மறக்காமல் இருப்பது, அந்த மழை நாளில் தரையில் உட்கார்ந்து அவள் தொட்ட கட்டைகளின் எண்தான்.

ஒன்பது.