அதே அடுப்பில் சுட்ட நாய் பிஸ்கட்

நாய் பிஸ்கட் சுடுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: தின்கிறவர் வாய் திறந்து குறை சொல்லமாட்டார். குறையெல்லாம் தின்னாதவர்களிடமிருந்துதான் வரும். முறுக்கோ மிட்டாயோ ரொட்டியோ, எதையாவது சுட்டு விற்று ஊராரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

வெள்ளைக்காரர்கள் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். ஓசூர் கடைவீதியில் எங்களுக்கு ஒரு ரொட்டிக் கடை. என் வீட்டுக்காரர் சவரிமுத்து பெங்களூரில் பத்து வருஷம் இன்னொருவர் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, இனி பிசைந்தால் சொந்த மாவுதான் என்று சபதம் போட்டு வந்து கட்டிய செங்கல் அடுப்பு அது. காலையில் அவர் ரொட்டியை எடுத்த பிறகு, இறங்குகிற சூட்டில் நான் பிஸ்கட் தட்டுகளை உள்ளே தள்ளுவேன். அந்தச் சூடு வீணாகத்தானே போகிறது என்று நினைத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ரூபியின் இடுப்பு

மத்திகிரிப் பக்கம் தோட்ட வீட்டில் டிசில்வா துரைசானி என்று ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாள் இருந்தார். ரயில்வே கார்டாக இருந்த கணவர் காலமாகிவிட்டார்; மிச்சம் இருந்தது ரூபி என்ற குட்டைக்கால் நாய். தினமும் எங்கள் கடைக் கேக்கைத் தின்று தின்று ரூபிக்கு வயிறு தரையில் இழுபட்டது. இடுப்பு எங்கே என்று தேட வேண்டும். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒரு துண்டு கேக் கொடுத்தாலும் நாயை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்து, இதற்குத் தின்ன நல்லதாக ஏதாவது செய்து கொடு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ராகி மாவு எடுத்தேன். வேகவைத்து அரைத்த கொள்ளு, அவித்து மசித்த ஆட்டு ஈரல், பொடித்த முட்டை ஓடு ஒரு சிட்டிகை. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. கட்டியாகப் பிசைந்து வில்லை வில்லையாக வெட்டிச் சுட்டால் கருங்கல் மாதிரி வந்தது. ரூபி முதல் நாள் அதை முகர்ந்துவிட்டு என்னை முறைத்தது. மூன்றாம் நாள் கொறித்தது. அது ருசிபட்டதும், துரைசானி பிஸ்கட்டைக் கையில் காட்டிக்கொண்டு முன்னே நடக்க, ரூபி பின்னாலேயே ஓட ஆரம்பித்தது. இரண்டு மாதம் கழித்து இருவரும் மத்திகிரியிலிருந்து நடந்தே கடைக்கு வந்தார்கள். துரைசானி படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஞானம், ரூபி இப்போ நல்லா ஓடுது. எனக்குத்தான் மூச்சு வாங்குது. எனக்கு ஏதாச்சும் பிஸ்கட் இருக்கா?"

கறிக்கடை பாயின் கரிசனம்

ரூபியைப் பார்த்து இன்னும் நாலைந்து நாய் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நாய்க்குப் பல் கெட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் எடுப்பேன். எனக்குத் தினமும் ஈரல் தேவைப்பட்டது. கறிக்கடை பாய் நான் போனதும் மற்றவர்களை நிறுத்திவிட்டு நல்ல ஈரலாகப் பார்த்து எடுத்து வைப்பார். பிஞ்சு எலும்பு இரண்டு கொசுறு. "வெயில்ல நிக்காதே தங்கச்சி" என்பார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஊரில் இத்தனை மரியாதை யாரும் தந்ததில்லை. நானும் பெருமையாகவே வாங்கி வந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள், "இப்ப எத்தனாவது மாசம்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈரல் அத்தனையும் நாய் பிஸ்கட்டுக்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நாய்க்கா! யா அல்லா, தங்கச்சிக்கு இந்த வாட்டி ஆம்பளப் புள்ள பொறக்கணும்னு ரெண்டு மாசமா துவா கேட்டுட்டிருக்கேனே!"

பாகலூர் ராஜா

பாகலூரில் தானிய மண்டி வைத்திருந்த செட்டியார் சுத்த சைவம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். அவருடைய காவல் நாய் ராஜாவுக்கு பிஸ்கட் வேண்டும், ஆனால் ஈரல் வாசம் வாசற்படி ஏறக் கூடாது. யோசித்து, ராகி மாவில் வறுத்த நிலக்கடலைப் பொடி, நெய், பேருக்குக் கொஞ்சம் வெல்லம் சேர்த்துத் தனித் தட்டில் சுட்டேன். அதன் வாசம் எனக்கே நாக்கில் நீர் ஊறவைத்தது. ராஜா மண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பக்தியோடு தின்றதாக முதல் வாரம் தகவல் வந்தது. அடுத்த வாரம் செட்டியாரே வந்தார்.

"நம்ம வீட்டுல ராஜா சுத்த சைவம்தான்மா. பக்கத்துத் தெருவுல என்ன பண்றான்னு நானும் கேக்கல, நீயும் கேக்காதே."

டிராயிங் மாஸ்டர் கண்டுபிடித்தது

எதிர் வீட்டு டிராயிங் மாஸ்டர் தினமும் காலையில் இரண்டு பன் வாங்குகிறவர். ஒருநாள் சீக்கிரமாகவே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ரொட்டி வெளியே வருகிறது, பின்னாலேயே ஈரல் பிஸ்கட் உள்ளே போகிறது. பன்னை வாங்காமலே திரும்பிப் போனார். சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது: நாய்க்குச் சுடுகிற அதே அடுப்பில்தான் நமக்கும் சுடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. அந்த வாரம் காய்ச்சல்காரர்கூடக் கஞ்சி குடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர்கள் பன்னை நிறுத்தினார்கள். தட்டு வேறு, மாவு வேறு, அடுப்பைத் துடைத்துத்தான் வைக்கிறோம் என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். கோபத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கடை வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க ஒரு ஈரல் பிஸ்கட்டை எடுத்துக் கடித்து மென்று விழுங்கினேன். பயம் தெளியும் என்று நினைத்தேன். "ஐயையோ, அந்தம்மாவே திங்குது!" என்று ஒருவர் சொன்னதுதான் மிச்சம். மிஞ்சியிருந்த நாலு பேரும் போனார்கள்.

மாதா திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. திருவிழாவுக்குள் ரொட்டி நகராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, பெங்களூருக்கே போய்ப் பழைய முதலாளியிடம் கை கட்டி நிற்பதாக வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்தது. பிஸ்கட்டை நிறுத்திவிடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். விற்காத ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே அவர் தலையாட்டினார்.

"வேணாம் ஞானம். இந்த ஊர்ல இன்னும் நம்மள நம்புறது நாய்ங்க மட்டும்தான்."

பல் இல்லாத இரண்டு பேர்

தளிப் பக்கத்துக் கிராமங்களில் மைலாரலிங்க சாமிக்கு நேர்ந்துகொண்ட கொரவய்யாக்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கம்பளி அங்கி, தலையில் கரடித்தோல் குல்லாய், கையில் உடுக்கை. தாங்கள் அந்தச் சாமியின் நாய்கள் என்பது அவர்கள் விரதம். பூசை நாளில் தோணி மாதிரி மரத்தொட்டியில் பால், பழம், வெல்லம் வைத்தால், குரைத்துக்கொண்டே வந்து, கை படாமல் வாயாலேயே உண்பார்கள். அதைப் பார்க்கிறவர்கள் சிரிப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அவர்களில் பெரியவர் ஒருவர் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். ஓசூரில் ஒரு வீட்டு வேண்டுதலுக்குப் பத்துப் பேர் வருகிறார்களாம். பாகலூர் செட்டியார்தான் என்னைப் பற்றிச் சொன்னாராம். "மைலாரப்பனோட நாய்ங்கம்மா நாங்க. சைவமா பிஸ்கட் செய்றீங்களாமே, தோணியில போட வேணும்" என்றார். மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள் நான். இது எப்படிப்பட்ட ஆர்டர் என்று தெரியும். ஈரல் பிஸ்கட்டும் இதே அடுப்பில்தான் வேகிறது என்று மறைக்காமல் சொன்னேன். "கழுவிட்டு, புதுத் தட்டுல சுடுங்க. நெருப்புக்கு ஏதும்மா எச்சில்?" என்றார். பிறகு தொழில் பழக்கம் என்னை விடவில்லை. எல்லா நாய்க்காரரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியவர் கோபிக்கவில்லை. வாயைத் திறந்தே காட்டினார்.

"பல்லா? ரெண்டு பேருக்கு இல்லம்மா. அதுல நான் ஒருத்தன்."

அடுத்த நாள் காலை

வீட்டுக்காரரே அடுப்பைத் தேய்த்துக் கழுவினார். இரண்டு கூடை பிஸ்கட் சுட்டேன், பாதி மெத்தென்று. வேண்டுதல் நாளில் கடைவீதி முனையில் கூட்டம் நெரிந்தது. உடுக்கை அதிர, பத்துப் பேரும் குரைத்துக்கொண்டு தோணியைச் சுற்றி மண்டியிட்டார்கள். பாலில் ஊறிய என் பிஸ்கட்டை ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்காத குறை. மிச்சத்தைப் பெரியவர், ரொட்டிக் கடையம்மா சுட்டது என்று சொல்லியே, பிய்த்துப் பிய்த்துப் பிரசாதமாகக் கொடுத்தார். முதல் வரிசையில் டிராயிங் மாஸ்டர். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று நான் அழுதேன். சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலை கடை திறந்தபோது வாசலில் முதல் ஆளாக டிராயிங் மாஸ்டர்தான் நின்றார். பின்னால் தெருவே நின்றது. வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மாஸ்டர் என்னைத் தாண்டி அடுப்பை எட்டிப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"ஏம்மா, பிரசாத பிஸ்கட் சுட்ட அதே அடுப்புதானே இது? அப்ப எனக்கு நாலு பன் குடுங்க."

இருபது வருஷம் பிஸ்கட் சுட்டதில் நான் கண்டது இவ்வளவுதான்: நாய்க்கு ஒரு தடவை முகர்ந்து பார்த்தால் போதும், மனிதருக்கு எதிரில் நாலு பேர் தின்றுகாட்ட வேண்டும்.