காதணி விழாவில் என் சுயவிவரம்

வலைப்பூ ஆரம்பித்த யாரும் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 'என்னைப் பற்றி' என்று ஒரு கட்டம். கதை, கட்டுரை, உலக அரசியல் எதை வேண்டுமானாலும் கூசாமல் எழுதிவிடலாம். அந்தக் கட்டத்துக்குள் போனால் மட்டும் கை ஓடாது. கர்சர் மினுக் மினுக்கென்று, "ம், சொல்லு, நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டே நிற்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் தமிழில் வலைப்பூ எழுதியவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ள வேண்டும். 'நான் ஒரு மொக்கை', 'தெரியாமல் வந்துவிட்டீர்கள், வந்த வழியே திரும்பவும்' என்கிற மாதிரி. அப்படி எழுதினால்தான் ஆள் பெரிய ஆள் என்று அர்த்தம். எனக்கு இந்தக் கலை கைவந்தது. ஆரப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து இருக்கைக்காரர் ரயில் டிக்கெட்டுக்காக மன்றாடிக்கொண்டிருக்க, நான் ஒரே மூச்சில் தட்டினேன்:

தொழில்: உட்கார்ந்திருப்பது.
என்னைப் பற்றி: எதற்கும் லாயக்கில்லாதவன் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. வெளியில் விசாரணை நடக்கிறது.
பொழுதுபோக்கு: சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமலிருக்கக் காரணம் கண்டுபிடிப்பது.

கூடவே பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பின்னூட்டங்கள் வந்தன. 'அண்ணே, மூணாவது வரி என் வாழ்க்கை வரலாறு' என்றார் ஒருவர். பதிவுகளுக்குக்கூட இம்புட்டுப் பாராட்டு வந்ததில்லை. தலைகால் புரியவில்லை. பொங்கலுக்கு வில்லாபுரத்திலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சியின் கொழுந்தனிடம் வலைப்பூ முகவரியைத் தாளில் எழுதியே கொடுத்தேன். "நம்மளப் பத்தி நாமளே எழுதுன குறிப்பு ஒண்ணு இருக்கு மாப்ள, அதப் படிச்சா போதும்" என்றும் சொன்னேன். விதி என்பது வேறொன்றுமில்லை, இந்த மாதிரி நாம் வலியப் போய்ச் சொல்வதுதான்.

அடுத்து நடந்ததைச் சொல்லுமுன் என் தங்கச்சி நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சல். நிஜமான காய்ச்சல், போர்வைக்குள் பல் தந்தியடித்துக்கொண்டு கிடந்தேன். போன் செய்து சொன்னேன். ஆனால் அவளுடைய மாமியார் அதை அன்றோடு விடவில்லை. "ஒங்க அண்ணனுக்கு வேலை இருந்திருக்கும்த்தா, பெரிய மனுசரு" என்று ஒரு வருஷமாக ரசம் தாளிக்கும்போதும் சொல்லியிருக்கிறார், கோலம் போடும்போதும் சொல்லியிருக்கிறார்.

அதனால் பிள்ளைக்குக் காது குத்த நாள் குறித்ததும் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, இந்தத் தடவையும் காய்ச்சல் கீய்ச்சல்னு சொல்லிராத. தாய்மாமன் நீதான். மேளத்தோட வந்து இறங்கணும். என் பொறந்த வீட்ல ஆள் இருக்குன்னு இவுக கண்ணால பாக்கணும். எனக்கு அது போதும்."

வாரேன் என்றேன். வந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். கோச்சடையிலிருந்து இரண்டு வேன். சீர்த் தட்டுகள், பழம், பட்டு, பொட்டுத் தங்கம், வாடகைக்குப் பிடித்த மேளம், கொளுத்துவதற்கு வெடி. வேட்டி இடுப்பில் நிற்க பெல்ட் போட்டிருந்தேன். மண்டபத்துக்கு ஒரு தெரு தள்ளி இறங்கி, தட்டுகளைத் தூக்கிய பெண்கள் முன்னே செல்ல, மேளம் முழங்க, ஊர்வலமாகத் திரும்பினோம்.

திரும்பியதும் என்னை நானே பார்த்தேன்.

மதுரைக்காரர்களுக்குப் பிளெக்ஸைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிளெக்ஸ் வந்த புதிது. பூப்புனித நீராட்டு விழாவிலிருந்து கருமாதி வரை எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். அதில் யாரும் சாதாரண மனிதர் கிடையாது. சிங்கமே, சரித்திரமே, வைகையின் வாரிசே என்றுதான் இருக்கும். மண்டப வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். என் பாஸ்போர்ட் படத்தை ஊதிப் பெருக்கியதில் முகம் வெந்தயக்களி மாதிரி கலங்கியிருந்தது. பின்னால் ஒரு புலி. மேலே, 'சீர் கொண்டு வரும் தாய்மாமனே வருக!' கீழே, தங்க நிறத்தில், என் தொழில். என்னைப் பற்றி. என் பொழுதுபோக்கு.

கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த மேளக்காரர் என் முதுகில் மோதினார். மேளம் மட்டும் நிற்கவில்லை. நான் மெய்மறந்து ரசிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வாசிப்பை இன்னும் தூக்கினார்.

என் மனைவி மூன்று வரியையும் நிதானமாகப் படித்தாள். "இதையே நான் வீட்ல சொன்னா மட்டும் கோவம் வரும்" என்றாள்.

கொழுந்தன் ஓடி வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. "எப்படி மச்சான்? நாமளா சிங்கம் கிங்கம்னு எழுதுறதுக்கு, நீங்களே ஒங்களப் பத்தி எழுதி வச்சிருக்கீக, அதவிட நல்லா எவன் எழுதுவான்? அந்த வலைப்பூ எழுத்து, பிளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல ஒட்ட மாட்டேன்னுருச்சு. நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல அவன் அடிச்சான். ரெண்டு தடவ சரி பாத்தேன். ஒரு பிழை இருக்காது."

ஒவ்வொரு எழுத்தாக. இரண்டு தடவை. "மாப்ள, கழட்டிரலாமே" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"நேத்து சாயங்காலமே கட்டியாச்சு மச்சான். ஊரே நின்னு படிச்சிட்டுப் போகுது!"

ஊரை விடுங்கள். தங்கச்சியின் மாமியார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தார். "சொந்தக்காரர்... வீட்டு... விசேசங்களுக்கு... போகாம..." முடித்துவிட்டு, ஆரத்தித் தட்டோடு வந்த தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டியாத்தா? நாங்கூட வாய்லதான் சொன்னேன். ஒங்க அண்ணன் போர்டே வச்சுட்டாரு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கச்சி பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். ஆரத்தியை மூன்று சுற்றுச் சுற்றினாள், பொட்டு வைத்தாள். வலித்தது. விரலில் இம்புட்டுப் பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது?

மேடையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பிள்ளையின் தலையைப் பிடிக்கிற சாக்கில் என் காதருகே குனிந்தாள்.

"இத நீதான எழுதுன?"

"ஆமா. தமாசுக்கு எழுதுனது."

"பால் காய்ச்சுனன்னைக்குக் காய்ச்சல்னியே. அதுவும் தமாசா?"

"இல்லத்தா. அன்னைக்கு நெசமாவே காய்ச்சல்."

"ம்" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன காரணங்களில் ஒன்றைத் தவிர மற்றவை கற்பனை; ஒத்துக்கொள்கிறேன். அவை எல்லாம் செல்லுபடியாகின. சத்தியமான ஒரே காரணம், என் சொந்தத் தங்கச்சியிடம், என் கையாலேயே செல்லாமல் போயிருந்தது. அம்மை போட்டிருந்தாலாவது தழும்பைக் காட்டலாம். காய்ச்சல் சாட்சி வைத்துவிட்டுப் போவதில்லை. ஆசாரி கம்பியை இறக்கினார். பிள்ளை வீறிட்டது. எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்திருக்கலாம்.

பந்தி முடிந்ததும் போட்டோக்காரர், "மாமன் பிளெக்ஸ் முன்னாடி ஒரு குரூப் எடுத்துருவோம், எல்லாரும் வாங்க" என்று விரட்டிக்கொண்டு போனார். மாமியார் நடுவில் வந்து நின்றார். கொழுந்தன் பிளெக்ஸின் மடிப்பை நீவிவிட்டார். தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, இடம் பார்த்தாள். வலது பக்கம் ஒரு எட்டு வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். இன்னும் அரை எட்டு. பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றி, முந்தானையை விரித்துவிட்டாள். பிளெக்ஸில் 'பொழுதுபோக்கு' வரி மொத்தமும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"அக்கா, கொஞ்சம் நடுவுல வாங்க, எழுத்து மறைக்குது" என்றார் போட்டோக்காரர்.

"நான் இங்கதான் நிப்பேன். நீங்க எடுங்கண்ணே."

அவர் கேமராவுக்குள் குனிந்தார். தங்கச்சி உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டே, வாயை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மொகந்தெரியாதவனுக்கெல்லாம் ஒன்னப் பத்தி அம்புட்டு எழுதுற. காய்ச்சல் விட்டதும் ஒரு எட்டு வந்து வீட்டப் பாத்துட்டுப் போகணும்னு ஒனக்குத் தோணல பாரு."

அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வாய் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.